கணக்கில் இல்லாத பத்தொன்பது ஏடுகள்

நகல் கேட்டுப் போட்ட மனு பதினோராம் நாள் திரும்பி வந்தது. அதன் தலையில் குண்டூசி குத்திய ஒரு துண்டுச் சீட்டு. சீட்டில் பச்சை மையில் மூன்றே வரி. ‘வழக்குக் கட்டில் உள்ள ஏடுகளின் எண்ணிக்கை பதிவேட்டோடு ஒத்துப்போகவில்லை. பதிவேட்டின்படி 42, கட்டில் 61. மனுதாரர் நேரில் வரவும்.’

மூத்தவள் அந்தச் சீட்டைத் தையல் மெஷின்மேல் வைத்துக்கொண்டு நாலு தடவை படித்தாள். துணிக்கடையின் பின்னறையில் உட்கார்ந்து, வாங்கின பேன்ட்டுக்கு நீளம் குறைத்துக் கொடுப்பதும் இடுப்பைப் பிடித்துக் கொடுப்பதும்தான் அவள் வேலை. பூட்டின அறையில் கயிறு போட்டுக் கட்டி வைத்த காகிதம் எப்படிக் கூடும்? எண்ணத் தெரியாத யாரோ எண்ணியிருப்பான் என்று சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டே சீட்டை மடித்து இடுப்பில் செருகினாள்.

வீட்டில் அவளுக்கு மூத்தவள் என்றே பேர். இளையவள் ஒருத்தி இருந்ததால் வந்த பேர். இளையவளை வாலு என்பார்கள். சேட்டை மட்டும் காரணமில்லை. அக்கா எங்கே போனாலும் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு போவாள். ஏழு வயதில், ஒரு சனிக்கிழமை மத்தியானம், அந்த வாலு காணாமல் போனாள். பத்தொன்பதாவது வருஷம் நடக்கிறது. அப்பா தேடித் தேடி ஓய்ந்து, ஒருநாள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்ச் சேர்ந்தார். மூத்தவள் என்கிற பேர் மட்டும் போகவில்லை. அம்மா ஒவ்வொரு தடவை அப்படிக் கூப்பிடும்போதும், அப்படியென்றால் இளையவள் எங்கே என்று கேட்பதுபோல் இருக்கும்.

நகல் கேட்கச் சொன்னது அம்மாதான். அம்மாவுக்குக் கண் பார்வை போய் மூன்று வருஷம். பக்கத்து வீட்டுத் தபால்காரர், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், தினமும் காலையில் வந்து பேப்பரைச் சத்தமாகப் படித்துவிட்டுப் போவார். விளம்பரத்தைக்கூட விடமாட்டார். அப்படித்தான் அந்த அறிவிப்பும் அம்மாவின் காதில் விழுந்தது. முடிந்துபோன பழைய வழக்குக் கட்டுகள் மாதக் கடைசியில் அழிக்கப்படும், வேண்டியவர்கள் அதற்குள் நகல் வாங்கிக்கொள்ளலாம்.

“எரிச்சுடப் போறாங்களாம்டி,” என்றாள் அம்மா அன்று சாயங்காலம். “அவளப் பத்தி நாலு பேரு உக்காந்து எழுதினது அது ஒண்ணுதான். வாங்கிட்டு வந்து எனக்குப் படிச்சுக் காட்டு. முதல்லேருந்து கடைசி வரைக்கும். ஒரு வரி விடக் கூடாது.”

மூத்தவள் சரி என்றாள். அந்தக் கட்டில் அவள் பயந்த வரி ஒன்றே ஒன்றுதான். பதினாறு வயதில் அவள் வாயால் சொல்லி, எதிரே இருந்த போலீஸ்காரர் குனிந்து எழுதிக்கொண்ட வரி. மாதக் கடைசியில் அது எரிந்து போய்விடும் என்று கேட்டதும் நெஞ்சில் ஒரு ஓரம் லேசாகியது. லேசானதை நினைத்து அன்று ராத்திரி அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

முதலில் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள். முன்மேசையில் இருந்த பெண் போலீஸ் தன்மையாகத்தான் பேசினாள். “எஃப்.ஐ.ஆர். நம்பர் இருக்காக்கா? வருஷமாவது சொல்லுங்க.” தடித்த புத்தகம் ஒன்றைப் புரட்டி, விரலை ஓட்டி, ஓரிடத்தில் நிறுத்தினாள். “கண்டுபிடிக்க முடியலன்னு இறுதி அறிக்கை போட்டு கோர்ட்டுக்கு அனுப்பியாச்சு. கோர்ட்டும் ஏத்துக்கிச்சு. எல்லாக் காகிதமும் இப்ப அவங்ககிட்டதான். நகல் பிரிவுல மனுப் போடுங்க.” வழக்கு எண்ணை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தாள்.

கோர்ட் வாசலில் மனு எழுதுகிற பெரியவர் ஒருவர் குடை நிழலில் உட்கார்ந்திருந்தார். கட்டில் எந்தெந்தக் காகிதம் வேண்டும் என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும் என்றார். முதல் தகவல் அறிக்கை, வாக்குமூலங்கள், தேடுதல் குறிப்பு, இறுதி அறிக்கை என்று பிரித்து எழுதாவிட்டால் ‘தெளிவில்லை’ என்று தூக்கிப் போட்டுவிடுவார்களாம். உறவுக்குச் சான்று வேண்டும். கேட்கிற காரணமும் வேண்டும்.

“எதுக்குன்னு போடட்டும்?”

“எங்க அம்மாவுக்குப் படிச்சுக் காட்ட.”

பெரியவர் அப்படியே எழுதினார். எழுதி முடித்து மனுவை நீட்டியபோது அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்த மனுதான் இப்போது திரும்பி வந்திருந்தது. மறுநாள் பிற்பகல் கடையில் சொல்லிக்கொண்டு கிளம்பினாள்.

நகல் பிரிவு எழுத்தர் ஒல்லியான மனிதர். ஓய்வுக்கு ஆறு மாதம் இருந்தது. வலது கட்டைவிரல் நிரந்தரமாக ஊதா நிறம். முத்திரை குத்திக் குத்தி அப்படி ஆனது. சீட்டைப் பார்த்ததும் அவரே எழுந்துவந்தார்.

“நீங்கதானாம்மா? முப்பது வருஷமா இங்க இருக்கேன். கட்டுல பக்கம் குறையும். எலி தின்னும், கரையான் தின்னும், எதிர்க் கட்சிக்காரன் கிழிச்சு வாயில போட்டுக்கிட்டதக்கூடப் பார்த்திருக்கேன். கூடினத மட்டும் பார்த்ததில்ல.” சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றது. “மூணு தடவை எண்ணினேன். நீங்க ஒரு தடவை பாருங்க. உங்க வீட்டுக் காகிதம் ஏதாவது உள்ள கலந்திருக்கான்னு சொல்லுங்க.”

பதிவறை கீழ்த்தளத்தில் இருந்தது. பத்துப் படி இறங்கியதும் மேலே இருந்த பேச்சும் செருப்புச் சத்தமும் அறுந்து போயின. கூரையைத் தொடும் இரும்பு அலமாரிகள் வரிசை வரிசையாக நிற்க, அவற்றில் துணி சுற்றிய கட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் திணிந்து கிடக்க, நெடுநாள் ஈரம் காய்ந்த காகிதமும் பாச்சை உருண்டையும் துருவும் கலந்த ஒரு வாசனை மூக்கின் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. குழல் விளக்கு ஒன்று எரிந்தது. இன்னொன்று எரியலாமா வேண்டாமா என்று யோசித்தபடி துடித்துக்கொண்டிருந்தது. அதன் ஒவ்வொரு துடிப்புக்கும் அலமாரிகளுக்கு இடையே இருந்த இருட்டு ஓர் அடி முன்னால் வந்து, மறுபடி பின்வாங்கியது.

எழுத்தர் மேசைமேல் கட்டை வைத்தார். “பேனா கூடாது. பென்சில்ல குறிப்பு எடுத்துக்கலாம். அஞ்சு மணிக்குப் பூட்டிடுவேன். நான் இந்த வாசல்லயே உக்காந்திருக்கேன்.”

முடிச்சை அவிழ்த்தாள். முதல் ஏட்டில் அப்பாவின் கையெழுத்து. அடுத்தது அடையாளக் குறிப்பு: வயது ஏழு, நீலக் கவுன், இடது முழங்காலில் பழைய தழும்பு, முன்பல் ஒன்று இல்லை. அந்தப் பல் விழுந்த அன்று வாலு அழாமல், அதைக் கையில் வைத்துக்கொண்டு தெரு முழுக்கக் காட்டிவிட்டு வந்தாள். பள்ளிக்கூட ஆசிரியை சொன்னது, தெருக்கோடி மருந்துக்கடைக்காரர் சொன்னது. பிறகு பதினேழாவது ஏடு.

‘காணாமல் போன சிறுமியின் அக்காவை விசாரித்ததில் அவள் கூறியதாவது: மதியம் பள்ளி முடிந்து வாசலில் என் தங்கையை நிற்கவைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது அவள் பேருந்து நிலையத்தை நோக்கி ஓடிக்கொண்டிருந்தாள். அதன் பிறகு நான் அவளைப் பார்க்கவில்லை.’

இதுதான் அந்த வரி. பொய்.

அன்று சனிக்கிழமை, அரை நாள் பள்ளிக்கூடம். சிநேகிதிகள் மூன்று பேர் சினிமாவுக்குக் கிளம்பி, தெருமுனையில் காத்து நின்றார்கள். வாலு அக்காவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. பள்ளிக்குப் பின்னால் பூட்டில்லாமல் மூடிக் கிடந்த ஐஸ் கம்பெனிக்கு மூத்தவள் அவளைக் கூட்டிப் போனாள். ஐஸ் கட்டி உருகாமல் மூடி வைக்கிற மரத்தூள் குவிந்து கிடந்த உள்ளறையில், இருட்டான ஒரு மூலையைக் காட்டினாள். கண்ணாமூச்சி. “நான் வந்து கூப்பிட்டாதான் வெளிய வரணும். வேற யார் கூப்பிட்டாலும் வரக் கூடாது. சத்தம் போடக் கூடாது. வந்தா நீ தோத்துட்ட.” வாலு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு தலையாட்டினாள். கண் மட்டும் சிரித்தது.

படம் முடிந்து வந்தபோது ஐஸ் கம்பெனி வாசலில் புதுப் பூட்டு தொங்கியது. காவலாளி ஒருவன் நின்றான். வாலு இந்நேரம் வீட்டுக்குப் போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள். வாலு வீட்டில் இல்லை. அப்பா கேட்டார். பயத்தில் வாயில் வந்தது பேருந்து நிலையம். போலீஸும் ஊரும் பேருந்து நிலையத்தைச் சல்லடை போட்டுச் சலித்தார்கள். நாலாம் நாள் மாலை மூத்தவள் மட்டும் தனியாக ஐஸ் கம்பெனிச் சுவரோரம் போய் நின்றாள். கூப்பிட வாயைத் திறந்தாள். பதில் வந்தால் பொய் வெளியே வந்துவிடும். வராவிட்டால் வராத காரணம் தெரிந்துவிடும். வாயை மூடிக்கொண்டு திரும்பினாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு அந்தக் கட்டடத்தை இடித்தார்கள். இடித்தபோது ஒன்றும் கிடைக்கவில்லை.

நாற்பத்திரண்டாவது ஏட்டில் இறுதி அறிக்கை. கீழே கோர்ட் முத்திரை. அதோடு வழக்கு முடிந்திருந்தது.

அதற்குப் பின்னால் இன்னொரு ஏடு.

அதைத் தொட்டதும் விரலை எடுத்துக்கொண்டாள். சில்லென்று இருந்தது. மற்ற ஏடுகளெல்லாம் அறையின் வெக்கையில் மொறுமொறுவென்று இருக்க, இது மட்டும் தண்ணீர்ப் பானையின் வயிறுபோல் குளிர்ந்திருந்தது. மெதுவாகத் தூக்கினாள். இடையிலிருந்து ஏதோ மேசைமேல் உதிர்ந்தது. மஞ்சள் நிறத்தில், பொடிப் பொடியாக.

வாசலில் இருந்து எழுத்தர் எட்டிப் பார்த்தார். “கரையான் பொடிம்மா. தட்டி விடுங்க.”

அவள் தட்டி விடவில்லை. அந்த வாசனை அவளுக்குத் தெரியும். அது மரத்தூள்.

அதே மாதிரிக் காகிதம். அதே சாய்ந்த போலீஸ் கையெழுத்து. தேதி மட்டும் வாலு காணாமல் போய்ச் சரியாக ஒரு வருஷம் கழித்து.

‘வயது ஏழு. பெயர் கேட்டதற்குச் சொல்ல மறுக்கிறாள். சத்தம் போடக் கூடாது என்கிறாள். விசாரித்ததில் கூறியதாவது: முதலில் நிறைய பேர் தூரத்தில் கூப்பிட்டார்கள். அக்கா குரல் இல்லை. பிறகு அம்மா வந்தாள். கதவுக்கு வெளியே நின்று கூப்பிட்டாள். பத்து நாள் வந்தாள். அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. வாயைப் பொத்திக்கொண்டேன். போனால் தோற்றுவிடுவேன்.’

கீழே கையெழுத்துக்குப் பதில் ஒரு கைரேகை. மிகச் சிறியது.

மூத்தவள் அந்த ஏட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா வந்தாளா? அம்மா எதற்கு ஐஸ் கம்பெனிக்குப் போனாள்? யாரும் அம்மாவிடம் ஐஸ் கம்பெனி என்ற வார்த்தையைக்கூடச் சொன்னதில்லையே.

அடுத்த ஏடு. அடுத்த வருஷம், அதே தேதி. ‘வயது ஏழு. கட்டடத்தை உடைத்தார்கள். இன்னும் உள்ளே போய் ஒளிந்துகொண்டேன்.’

அடுத்தது. ‘வயது ஏழு. இங்கே மூலை நிறைய இருக்கிறது.’

அடுத்தது. ‘அப்பா இந்தப் பக்கம் வந்தார். கூப்பிடாமல் போனார்.’ அது அப்பா செத்த வருஷம்.

போகப் போக வரிகள் குறைந்தன. கணக்கில் இல்லாதவற்றில் எட்டாவது ஏட்டில் ஒரே வரி: ‘அக்கா கூப்பிடவில்லை.’ ஒன்பதாவதிலும் அதே வரி. பத்து, பதினொன்று, பன்னிரண்டு. ஒவ்வொன்றின் கீழும் அதே சின்னக் கைரேகை. வருஷத்துக்கு வருஷம் அது நீண்டுகொண்டே போயிற்று. விரல் அல்ல, ரேகைதான். கோடுகள் காகிதத்தின் ஓரத்தைத் தாண்டி அடுத்த பக்கத்துக்கு ஓடின.

துடித்துக்கொண்டிருந்த விளக்கு அணைந்துவிட்டது.

அலமாரிகளுக்கு நடுவே அமைதி. எலிகூட இல்லை. ஆனால் அது ஆளில்லாத அறையின் அமைதி இல்லை. ஆள் இருந்தும் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிற அமைதி. சின்ன வயதில் கண்ணாமூச்சி ஆடிய யாருக்கும் அது தெரியும். கட்டிலுக்கு அடியில் ஆள் இருக்கிற அறைக்கும் இல்லாத அறைக்கும் உள்ள வித்தியாசம் தெரியும்.

கடைசி ஏட்டைப் புரட்டினாள்.

தேதி இல்லை. மை காயவில்லை.

‘காகிதம் புரட்டுகிற சத்தம் கேட்கிறது. அக்காவா?’

மூத்தவள் இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தாள் என்று தெரியாது. எழுத்தர் பக்கத்தில் வந்து நின்றிருந்தார். அவர் கண் மேசைமேல் இல்லை. அலமாரிகளின் பின்வரிசைமேல் இருந்தது. குரலை இறக்கிப் பேசினார்.

“உங்களுக்கும் அப்படித் தோணுதாம்மா? நாலு நாளா, இந்தக் கட்ட இறக்கினதுலேருந்து...” முடிக்கவில்லை.

“இந்த எழுத்து யாரோடது?”

“அந்தக் காலத்துல போலீஸ் ஸ்டேஷன்ல எழுதிட்டிருந்த ரைட்டரோடது. அந்த மனுஷன் செத்துப் பதினஞ்சு வருஷமாச்சு.” முகத்தைத் துடைத்துக்கொண்டார். “முதல் நாப்பத்திரண்டுக்கும் உண்மை நகல்னு முத்திரை போட்டுத் தரேன். மத்ததுக்கு என்னால போட முடியாது. கணக்குல இல்லாதத நான் வெச்சுக்கவும் முடியாது. தயவுசெஞ்சு எடுத்துட்டுப் போயிடுங்கம்மா.”

நகல்களை ஓர் உறையிலும் அந்தப் பத்தொன்பது ஏடுகளை இன்னொன்றிலும் போட்டு நீட்டினார். வாங்கிக்கொண்டு படியேறினாள். பின்னால் எழுத்தர் கதவைப் பூட்டும் சத்தம் கேட்டது. பூட்டிய பிறகு, வழக்கமாக ஒரு தடவை இழுத்துப் பார்ப்பதுபோல், அவர் இழுத்துப் பார்க்கவில்லை.

பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மடியில் இருந்த உறை புடவையையும் தாண்டிக் குளிர்ந்தது. பக்கத்து இருக்கை வழி நெடுகக் காலியாகவே இருந்தது. கூட்டம் நின்றுகொண்டு வந்தது. யாரும் அங்கே உட்காரவில்லை.

வீட்டுக்குள் நுழைந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. அம்மாவுக்கு விளக்கு வேண்டாம் என்பதால் வீடு இருட்டாகவே கிடக்கும். கட்டில்மேல், சுவரில் சாய்ந்து, அம்மா காத்துக்கொண்டிருந்தாள். தலை வாரி, நல்ல புடவை கட்டியிருந்தாள். யாரோ விருந்தாளி வருகிறாற்போல்.

“குடுத்தாங்களா?”

“குடுத்தாங்கம்மா.”

“படி.”

விளக்கைப் போட்டுக்கொண்டு, நாற்காலியை இழுத்துப் போட்டுப் படித்தாள். முழங்கால் தழும்பு வந்தபோது அம்மாவின் கை தன் முழங்காலைத் தடவியது. முன்பல் வந்தபோது அம்மா சிரித்தாள். பதினாறு ஏடு முடிந்தது. மூத்தவள் நிறுத்தினாள்.

“அடுத்தது உன்னோடதுதானே?” என்றாள் அம்மா.

மூத்தவள் ஏட்டை மடியில் கவிழ்த்தாள். உள்ளே இருந்து ஒரு கேள்விதான் வந்தது. “அம்மா. நீ ஐஸ் கம்பெனிக்குப் போனியா?”

அம்மா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“அன்னிக்கு ராத்திரி உன் பாவாடைய நான்தான் துவைச்சேன்,” என்றாள். “ஓரமெல்லாம் மரத்தூளு. பேருந்து நிலையத்துல ஏதுடி மரத்தூளு? அது குவிஞ்சு கிடந்தது ஐஸ் கம்பெனியில மட்டும்தானே?”

“அப்பவே ஏம்மா சொல்லல?”

“சொன்னா உன்னப் புடிச்சிட்டுப் போவாங்கன்னு பயந்தேன். ஒண்ணு போச்சு, இருக்கிற ஒண்ணையும் எப்படிக் குடுக்கறது? நானே போய்க் கூப்பிட்டுக் கூட்டிட்டு வந்துடலாம்னு பார்த்தேன். காவக்காரன் அந்தப் பக்கம் போனப்பல்லாம் கதவுகிட்ட நின்னு கூப்பிட்டேன். பத்து நாளு. அவ உள்ளதான் இருக்கான்னு எனக்குத் தெரிஞ்சுது. பெத்தவளுக்குத் தெரியாதா? ஆனா வரல. ஏன்டி வரல? நான் என்ன பண்ணினேன் அவள? இத்தனை வருஷமும் அதத்தான் கேட்டுட்டிருக்கேன்.”

மூத்தவள் தரையில் சரிந்து, அம்மாவின் காலடியில் உட்கார்ந்தாள். இன்னொரு உறையைப் பிரித்தாள். கணக்கில் இல்லாதவற்றில் முதல் ஏட்டைப் படித்தாள். ஒரு வரி விடாமல். ‘அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. வாயைப் பொத்திக்கொண்டேன்.’ படித்துவிட்டு, தங்கையிடம் தான் அன்று சொல்லிவிட்டு வந்ததையும் அம்மாவிடம் சொன்னாள். சினிமாவையும் சொன்னாள். பத்தொன்பது வருஷம் தொண்டையில் நின்றது, சொல்லி முடிக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

அம்மா கத்தவில்லை. அடிக்கவும் இல்லை. தடவிப் பார்த்து, மகளின் தலைமேல் கையை வைத்தாள்.

“அப்ப எம்மேல கோவம் இல்லையா அவளுக்கு,” என்றாள். பிறகு, “கூப்பிடு.”

“அம்மா, வேண்டாம்மா.”

“நான் கூப்பிட்டா வரமாட்டா. நீதான் கூப்பிடணும்.”

“அது வாலு இல்லம்மா. இத்தனை வருஷத்துக்கு அப்புறம் அது எப்படி...”

“எம் பொண்ணு எப்படி இருந்தா என்னடி எனக்கு? நான் பார்க்கவா போறேன்?”

வீடு அமைதியானது. அதே அமைதி. பதிவறையில் இருந்தது இப்போது இந்தச் சின்ன அறைக்குள் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அலமாரிக்குப் பின்னால். திரைக்குப் பின்னால். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே இருந்த ஒரு சாண் இடைவெளியில்.

மூத்தவள் வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. மறுபடி திறந்தாள்.

“வாலு.”

ஒன்றுமில்லை.

“வாலு... அக்காதான். வெளிய வாடி.” அழுகை வார்த்தையை உடைத்தது. “நீ ஜெயிச்சுட்ட.”

மூச்சு.

யாரோ மூச்சை விட்டார்கள். வெகுநாள் அடக்கி வைத்த மூச்சு. அது வந்தது. வந்துகொண்டே இருந்தது. மரத்தூள் வாசனையோடு, குளிரோடு, தரையெல்லாம் பரவி, நிற்காமல் வந்துகொண்டே இருந்தது. ஜன்னல் கண்ணாடி வெளுத்தது. அம்மாவின் உதட்டில் ஆவி படர்ந்தது.

பிறகு கட்டிலுக்கு அந்தப் பக்கம், சுவரோரம், ஏதோ எழுந்தது.

ஏழு வயதுப் பிள்ளையின் உயரம். தலைமுடி மட்டும்தான் தெரிந்தது. முன்னாலும் முடி. பின்னாலும் முடி. தரை வரைக்கும். தரையில் இழுபட்டு, கட்டிலுக்கு அடியில் போய், அங்கிருந்து இன்னும் எங்கேயோ போயிற்று. அது நகர்ந்தபோது காலடிச் சத்தம் இல்லை. காகிதம் உரசுகிற சத்தம்.

“அம்மா,” என்றாள் மூத்தவள். “தொடாதே.”

அம்மாவின் கைகள் அதற்குள் நீண்டுவிட்டன. அதைத் தொட்டன. பிடித்து இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டன.

“வந்துட்டியாடி.” அம்மா குலுங்கினாள். “என் செல்லமே, வந்துட்டியா. ஏன்டி இப்படிச் சில்லுனு இருக்கே? எவ்வளவு முடி! யாரும் சீவி விடலையா உனக்கு? அம்மா சீவி விடறேன், இரு.”

விரல்களால் முடியை விலக்கினாள். உள்ளே முடி. அதையும் விலக்கினாள். உள்ளே இன்னும் முடி. அம்மாவின் மணிக்கட்டு மறைந்தது. முழங்கை மறைந்தது. கை அந்தப் பக்கம் வெளியே வரவில்லை.

மூத்தவளால் எழ முடியவில்லை. கண்ணை மூடவும் முடியவில்லை.

“மூஞ்சியக் காட்டுடி கண்ணு,” என்றாள் அம்மா. இத்தனை வருஷத்தில் அவள் அப்படிச் சிரித்து மூத்தவள் பார்த்ததில்லை. “எங்கடி வெச்சிருக்கே உன் மூஞ்சிய?”

தோள் வரைக்கும் உள்ளே போய்விட்ட கையால், அந்த முடிமேல் கன்னத்தைச் சாய்த்துக்கொண்டு, பொறுமையாக, அம்மா தேடிக்கொண்டே இருந்தாள்.